ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் தாள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

என் எண்ணிலிருந்து வரும் அழைப்பை உன் போன் எடுக்காது. ஈமெயில் போட்டால் பிரிக்காமலே அழித்துவிடுவாய் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் தபால்காரரைப் பிடித்தேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால், தயவுசெய்து கடைசிவரை படித்துவிடு.

சுற்றி வளைக்கவில்லை. உன் செடி விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒப்புக்கொள்கிறவள் முழுதாகச் சொல்ல வேண்டும் இல்லையா? பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஈரப்பாறைச் சரிவில் நீ ஒரு சின்னச் செடியைக் கண்டுபிடித்தாய். அதற்குப் பக்கத்துச் சொந்தம் என்று இந்தப் பக்கத்தில் எதுவுமே இல்லை, தனிப் பேரினம் என்று எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு இலையை எனக்கு அனுப்பி, "சும்மா பார்த்துச் சொல்லு" என்றாய். நான் அதன் பசுங்கணிகத்திலிருந்து இரண்டு மரபணுக்களைப் படித்தேன். ஓடையோரமெல்லாம் மண்டிக் கிடக்கிற களைச்செடியோடு அவை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஈரத்தில் உருவம் மாறிய சாதாரணக் களை" என்று கட்டுரை எழுதி அனுப்பிவிட்டேன். உன் கட்டுரையை அந்தப் பத்திரிகை திருப்பி அனுப்பியபோது காரணமாகக் காட்டியது என்னுடையதைத்தான்.

இப்போது எங்கள் லேபில் வேலை செய்கிற விதமே வேறு. பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற உட்கரு மரபணுக்களில் முந்நூற்றுப் பன்னிரண்டைத் தூண்டில் போட்டு இழுக்கிற மாதிரி ஒன்றாக எடுத்துவிடுகிறோம். பழைய இலை, நொறுங்கிப்போன டிஎன்ஏ, எதுவானாலும் பரவாயில்லை. போன மாதம் ஃப்ரீசரை ஒழித்தபோது ஒரு டியூப் கையில் கிடைத்தது. மூடியில் என் எழுத்தில் உன் சேகரிப்பு எண்: 1147. அடியில் உன் இலையின் டிஎன்ஏ கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாதியை எடுத்து மெஷினில் ஓட்டினேன்.

களைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. முந்நூற்றுப் பன்னிரண்டு மரபணுக்களும் சேர்ந்து போட்ட குடும்ப மரத்தில் உன் செடி ஆரம்பத்திலேயே பிரிந்து, தன்னந்தனியாக ஒரு கிளையில் நிற்கிறது. நீ அன்றைக்கு எழுதியபடியே.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். பசுங்கணிகம் தாய் வழியில் மட்டும்தான் வரும், உட்கருதான் இரண்டு பக்கத்துக் கதையையும் சொல்லும், எந்தக் காலத்திலோ உன் செடியின் முன்னோர் அந்தக் களையோடு ஒரு தரம் கலந்திருக்கிறது, அதனால் களையின் பசுங்கணிகம் மட்டும் தங்கிவிட்டது என்றேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எப்பவோ பொண்ணு எடுத்த வீட்டப் போயி, அந்தக் குடும்பம்தான்னு எழுதிக் குடுத்துட்டியாக்கும்!" நாற்பது பக்கக் கட்டுரையில் நான் சொல்லப்போவதும் அதுதான்.

ஒரே ஒரு டியூபை நம்பி இதை வெளியிட முடியாது. டியூப் மாறிவிட்டது என்று யாரும் சொல்லலாம். உன் ஹெர்பேரியத்தில், அந்தச் செடியை உலர்த்தித் தைத்து வைத்திருக்கிற 1147ஆம் தாளிலிருந்து சுண்டுவிரல் நகமளவு இலை வேண்டும். அது ஒத்துப்போனால் என் பழைய கட்டுரையைத் திருத்தி எழுதுகிறேன். பெயர் நீ வை. அதில் என் பெயர் எங்கேயும் வேண்டாம்.

உன் அக்கா

•

பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்களது 3ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. எங்கள் ஹெர்பேரியத்தில் உள்ள எந்தத் தாளிலிருந்தும் இலை வெட்டித் தருவதற்கு விதிமுறைகள் உண்டு. படிவம் இணைக்கப்பட்டுள்ளது. மூன்று பிரதிகள் தேவை. ஏழாவது கட்டத்தில் நோக்கத்தைத் தெளிவாக எழுத வேண்டும். "சும்மா பார்க்க" என்று எழுதினால் ஏற்கப்படாது.

இப்படிக்கு,
தாள் காப்பாளர்

பி.கு. அம்மா நன்றாக இருக்கிறாள். கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது. அவளிடம் செடி, மரபணு என்று எதையும் இனிமேல் பேச வேண்டாம். "அக்கா பாவம்டா, ஒத்துக்கிட்டாளே" என்று இரண்டு நாளாக என் உயிரை வாங்குகிறாள்.

இன்னொன்று. "நீ சொன்னதுதான் சரி" என்று எழுதிவிட்டாய். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? சரிவு இருந்த இடத்தில் இப்போது இரண்டு லாரிகள் ஒன்றையொன்று தாராளமாக முந்திப் போகின்றன.

•

பிப்ரவரி 20

அன்புள்ள தாள் காப்பாளருக்கு,

படிவத்தை மூன்று பிரதியும் பூர்த்தி செய்துவிட்டேன். நீ என்னை நோகடிக்க அனுப்பினாய் என்று தெரிந்தேதான் பூர்த்தி செய்தேன். ஏழாவது கட்டத்தில் "விண்ணப்பதாரர் செய்த தவறைத் திருத்த" என்று எழுதியிருக்கிறேன். கீழே பொடி எழுத்தில், பூர்த்தி செய்த படிவங்களை மேலாளருக்கு அனுப்பவும் என்று இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன். விதி என்றால் விதி.

போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன்.

அன்றைக்கு நான் படித்தது இரண்டு மரபணுக்கள் இல்லை, மூன்று. மூன்றாவது உட்கருவில் உள்ளது. அது அப்போதே வேறு மாதிரி பேசியது. உன் செடியைக் களையிடமிருந்து வெகுதூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்போதைய லேப் தலைவரிடம் காட்டினேன். "ரெண்டு பேர் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தன் மட்டும் வேற சொல்றான். விடும்மா, மெஷின் கோளாறு" என்றார். நானும் விட்டுவிட்டேன். அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்க மூன்று வாரம் ஆகும், மாநாட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் "பொறு அக்கா" என்றிருப்பாய். நீ அப்படிச் சொல்வாய் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

சாலை போடுமுன் ஒரு குழு வந்து ஆய்வு செய்தது என்றும், அவர்கள் அறிக்கையில் என் கட்டுரை மேற்கோளாக இருந்தது என்றும் எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்கு முன்னால் தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேனா என்று என்னை நானே பல தரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

அக்கா

•

மார்ச் 6

அக்கா,

படிவத்தை ஏன் நேரே மேலாளருக்கு அனுப்பினாய்? என் பெயருக்கு அனுப்பியிருக்கலாமே. நான் கொடுத்த படிவம்தான், ஆனாலும் நீ பூர்த்தி செய்து அனுப்புவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. உனக்கு இருக்கிற ரோஷத்துக்குக் கிழித்துப் போடுவாய் என்றல்லவா கணக்குப் போட்டேன்.

மேலாளர் புதியவர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில் அவருக்கு வாயெல்லாம் பல். "நம்ம தாளுக்கு இவ்வளவு மவுசா!" என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் அலமாரிக்கு வந்துவிட்டார். தாள் பழசு, பூச்சி அரித்தது, வெட்டினால் நொறுங்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "நகமளவுதானே கேக்குறாங்க, குடுங்க சார்" என்று பக்கத்திலேயே நின்றார். என் கையாலேயே வெட்டினேன். அவரே உறையில் போட்டு ஒட்டினார். இந்தக் கடிதத்தோடு வருவது அதுதான்.

மூன்றாவது மரபணு பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டு அலுவலகத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். பத்தொன்பது வருஷமாக உனக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இருந்தாலும், பாவம் அவள் பார்த்தது அவ்வளவுதான் என்று ஒரு மூலையில் உனக்காக வாதாடிக்கொண்டும் இருந்தேன். அந்த மூலையையும் காலி பண்ணிவிட்டாய்.

நீ கேட்காததையும் சொல்கிறேன். உன் கட்டுரை வந்து பதினாறு மாதம் கழித்து அந்தச் சரிவுக்குப் போனேன். பூக்கிற பருவம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். வளைவில் திரும்பினால் பாறையே இல்லை. வெட்டிய முகம் வெள்ளையாக இருந்தது. மேலே தண்ணீர் கசிகிற இடத்தில் ஒரு குழாய் செருகியிருந்தார்கள். அங்கே நின்றிருந்த மேற்பார்வையாளர் தன் கையிலிருந்த அறிக்கையைக் காட்டினார். "சிறப்புத் தாவரம் எதுவுமில்லை" என்று ஒரே வரி. கீழே உன் பெயர்.

அக்கா, இந்த இலை வந்ததும் மெஷினில் போட்டுவிடாதே. கொஞ்ச நாள் பொறு. உனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அது வந்து சேரும்வரை உறையைப் பிரிக்காமல் வை. காரணம் கேட்காதே.

தம்பி

•

ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

கிட்டத்தட்ட ஒரு மாதம் காத்திருந்தேன். நீ சொன்ன கடிதம் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரம் மெஷினில் எங்கள் லேபின் முறை வந்தது. விட்டால் அடுத்த முறை செப்டம்பரில்தான். கோபம் ஆறட்டும் என்றுதான் பொறுக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். முடிவு நல்லபடியாக வந்தால் கோபமே இருக்காது என்றும் நினைத்தேன். உறையைப் பிரித்து ஓட்டிவிட்டேன்.

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நீ அனுப்பிய இலை அந்தக் களைதான். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட விலகவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். உட்கருவும் களை, பசுங்கணிகமும் களை.

அப்படியானால் என் டியூபில்தான் தப்பு. அந்த வருஷம் நான் மலைச்செடிகள் பலவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். எதன் துளியோ இதில் கலந்திருக்கிறது. அல்லது மூடி மாறியிருக்கிறது. மூன்றாவது மரபணு அன்றைக்கு வேறு மாதிரி பேசியதும் அதனால்தான். ஆக, அன்றைக்கு நான் எழுதியது சரி, போன பிப்ரவரியில் எழுதியதுதான் தப்பு. உன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளவென்றே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆறிக்கொண்டிருந்த புண்ணை நானே கிளறிவிட்டேன். மன்னித்துவிடு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

கலப்படமானதாகத் தெரிகிற டியூப் ஃப்ரீசரில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது என்பது நான் லேபில் போட்ட விதி. வேறு யாராவது தெரியாமல் எடுத்து அவர்கள் வேலையும் கெட்டுவிடும். நேற்று 1147ஐ அழிக்கிற பெட்டியில் போட்டேன். இன்று காலை வண்டி வந்து எடுத்துப் போய்விட்டது. அந்த வரிசைகள் இருக்கிற கோப்புக்கும் "பயன்படுத்த வேண்டாம்" என்று பெயர் மாற்றிவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் இந்தத் தடவை ஒழுங்காகச் செய்திருக்கிறேன். இதை யாரிடமும் சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்கிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 12

அக்கா,

இதை ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன். இதையும் கிழித்தால் நான் மனுஷனே இல்லை.

உனக்கு வந்த இலை என் செடியுடையது அல்ல. களையினுடையது. நீ பிரிக்காமல் வைத்திருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். தூக்கிப் போட்டுவிடு.

சரிவிலிருந்து திரும்பி வந்த மறுநாள் ஹெர்பேரியத்தில் 1147ஆம் தாளை எடுத்தேன். அந்தப் பாறையில் முப்பது நாற்பது செடிக்கு மேல் கிடையாது என்பதால் ஒரே ஒரு தாளுக்குத்தான் பறித்திருந்தேன். நகல் எதுவும் இல்லை. அதைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் அம்மா வெந்நீர் போடுகிற தகர அடுப்பு இருக்குமே, அதில் வைத்துக் கொளுத்தினேன். தாள், போட்டோ, நெகட்டிவ், பத்திரிகை திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி எல்லாம். நல்ல மத்தியான வெயில். "என்னடா எரிக்கிற?" என்று அம்மா கேட்டாள். "பழைய பேப்பர்மா" என்றேன்.

எண் பதிவேட்டில் இருக்கிறது. அலமாரியில் தாள் இல்லாவிட்டால் யாராவது என்றைக்காவது கேட்பார்கள். அதனால் ஓடையில் போய் ஒரு களையைப் பிடுங்கி, உலர்த்தி, தைத்து, அதே எண்ணை எழுதி, அதே இடத்தில் வைத்தேன். அப்போது எனக்கு அது திருட்டுத்தனமாகவே தோன்றவில்லை. இரண்டும் ஒன்று என்று என் அக்காவே அச்சில் போட்டிருக்கிறாள், அப்புறம் எதை வைத்தால் என்ன என்று தோன்றியது. உன்னைப் பழிவாங்கிவிட்ட மாதிரிகூட இருந்தது. உனக்குத் தெரியவே போகாத பழிவாங்கல்.

மேலாளர் பக்கத்தில் நின்றபோது வாயைத் திறந்திருக்க வேண்டும். கத்தரிக்கோல் கையில் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற அவமானம் அதைவிடப் பெரிது. இத்தனை வருஷமாக நீ கொன்றாய் நீ கொன்றாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி நான் செய்தது.

என் கையில் எதுவும் இல்லை. உன்னிடம் டியூப் இருக்கிறது. அடியில் பாதி மிச்சம் என்றாய். அதை வேறொரு லேபுக்கு அனுப்பி ஓட்டச் சொல். அவர்களுக்கும் அதே பதில் வந்தால் யாரும் மறுக்க முடியாது. டியூபைப் பத்திரமாக வை அக்கா. உலகத்தில் அந்தச் செடி அவ்வளவுதான் இருக்கிறது.

ஏப்ரல் 22

மேலே இருப்பதை எழுதிப் பத்து நாளாகப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தினமும் காலையில் தபால் பெட்டியைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறேன். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இருந்தேன். இன்று மத்தியானம் உன் 17ஆம் தேதிக் கடிதம் வந்தது.

அன்றைக்கே போட்டிருந்தால் உனக்குப் பதினைந்தாம் தேதி கிடைத்திருக்கும். நீ டியூபைப் போட்டது பதினாறு.

அப்படியே இதையும் வைத்து அனுப்புகிறேன்.

•

ஏப்ரல் 30

கடிதம் வந்தது. நாலு நாளாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாம் திட்டுத்தான். அழிக்கிற பெட்டியை எடுத்துப்போன இடத்துக்கு நேரே போய் நின்றேன். அங்கே இருந்தவர், "பத்து நாள் ஆச்சே மேடம், அன்னிக்கே எரிச்சாச்சு" என்றார். கேட்டுவிட்டு வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்ன தொலைத்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

உன்னைக் கண்டபடி ஏச வேண்டும் போல இருக்கிறது. "பொறு" என்று எழுதத் தெரிந்தவனுக்கு "பொய் இலை" என்று இன்னும் இரண்டு வார்த்தை எழுத வராதா? அம்மா போனிலிருந்து ஒரு கால் போடக் கை வராதா? ஆனால் பொறு என்று நீ சொல்லியும் பொறுக்காதவள் நான். இரண்டாம் தடவை. உன்னை ஏச ஆரம்பித்தால் அது என்னிடம்தான் வந்து முடிகிறது.

சரி, வேலையைப் பேசுவோம்.

கோப்பின் பெயரை மாற்றினேனே தவிர அழிக்கவில்லை. வரிசைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த வருஷம் நான் கையாண்ட மலைச்செடிகள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கலப்படமும் இல்லை, மூடியும் மாறவில்லை. அது உன் செடிதான். அதன் கிளை உண்மை.

ஆனால் பெயர் வைக்க முடியாது. உனக்கே தெரியும். பெயர் வேண்டுமென்றால் உலர்ந்த செடி ஒன்று ஏதாவது ஒரு அலமாரியில் இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது கம்ப்யூட்டரில் நாலு எழுத்துகளே திரும்பத் திரும்ப வருகிற ஒரு கோப்பு. இப்போதைய தலைவர், "அந்தக் கிளைய எடுத்துடுங்க, மத்த மரம் சுத்தமா இருக்கு" என்கிறார். எடுத்துவிட்டால் கட்டுரை நாளைக்கே போய்விடும்.

எனக்கு எடுக்க மனசில்லை. பெயரில்லாமல் உன் எண்ணோடு மரத்தில் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் பத்திரிகை ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு கேள்வி கேட்கிறது: தாள் எங்கே, டிஎன்ஏ எங்கே. உண்மையை எழுதினால் உன் வேலை போகும். பொய் எழுத இனி என்னால் ஆகாது. அதனால் கேட்கிறேன். எடுத்துவிடு என்று நீ சொன்னால் எடுத்துவிடுகிறேன். உன் பதில் வரும்வரை எதுவும் செய்யமாட்டேன், எத்தனை மாதம் ஆனாலும்.

எடுக்க வேண்டாம் என்றால், அந்தப் பூவைப் பற்றி ஐந்தாறு வரி எழுதித் தா. கட்டுரையில் அப்படியே சேர்க்கிறேன். நான் பார்த்தது ஒரு இலையை மட்டும்தான்.

அக்கா

•

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

எடுக்காதே.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முதலில் சிரித்தார், நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து. பிறகு என்னோடு ஒன்பதாம் அலமாரிக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தார். "இவ்வளவு அழகா தைச்சிருக்கீங்களே சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வேலை திரும்பக் கிடைக்கும் என்று தோன்றவில்லை. கிடைக்கவும் கூடாது. தாள் காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவன் தாளை எரித்தவன்.

பத்திரிகை கேட்கிற இரண்டு கேள்விக்கும் பதில் இது. ஒரு வார்த்தையும் மாற்றாதே. தாள்: சேகரித்தவரால் எரிக்கப்பட்டது. டிஎன்ஏ: ஆய்வாளரால் அழிக்கப்பட்டது. இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் என்று போட வேண்டியதில்லை. அதைப் படிக்கிறவர்களுக்கு நம் வீட்டு ரகளை எதற்கு?

அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அன்னிக்கு நான் வெளிய வந்து பாத்திருக்கணும். புகை ஒரு மாதிரி வாசனையா வந்துச்சு, பேப்பர் வாசனை இல்ல. நான்தான் கேக்காம விட்டுட்டேன்" என்றாள். இப்போது அவளும் நம்மோடு சேர்ந்துகொண்டாள். உன்னை வரச் சொல்கிறாள். நானும் சொல்கிறேன். வா.

பூவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று நாளாக மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். செடி ஒரு சாண் உயரம். தண்டில் மென்மையான முடி. பூ சுண்டுவிரல் நகமளவு, ஐந்து இதழ், கீழிதழ் மட்டும் பின்பக்கம் மடிந்திருக்கும். வெளிப்பக்கம் வெள்ளை, உள்ளே வெளிறிய ஊதா. இவ்வளவும் உறுதி. கீழிதழின் உள்பக்கம் தொண்டையை நோக்கி ஆழ்ந்த நிறத்தில் கோடுகள் ஓடும். என் கட்டுரையே அந்தக் கோடுகளை வைத்துத்தான். இது வேறு எதுவுமில்லை என்று எனக்கு நிச்சயமானதே அவற்றை எண்ணிப் பார்த்தபோதுதான்.

மூன்றா ஐந்தா என்று ஞாபகம் வரவில்லை அக்கா.

ஐந்து என்று எழுதினேன். அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டால் பாறை வருகிறது, ஈரம் வருகிறது, லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தது வருகிறது, கழுத்து வலித்தது கூட வருகிறது. கோடுகள் வரவில்லை. அந்தப் பூவைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். இனிமேல் போய்ப் பார்க்கவும் இடமில்லை, யாரையும் கேட்கவும் வழியில்லை. அந்த வரியை மட்டும் விட்டுவிடு. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத வேண்டாம்.

தம்பி